ஒன்பது கரண்டி சாக்கரின்

கதிரேசா,

உன் அம்மா எழுதுகிறேன். நான் நலம் என்று முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ தள்ளிவிட்டதில் கதவு நிலையில் போய் இடித்தேனே, அந்தத் தோள் இன்னும் தூக்க வரவில்லை. வலது கை என்பதால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. உன் மகள் வினோவுக்குக் கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது. நீ எட்டி உதைத்த குடம் நசுங்கியபடியே முற்றத்தில் கிடக்கிறது. அவள் எடுக்கப் போனாள், கிடக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பதற்காக எழுதவில்லை. உன் மனைவி படிக்கட்டும், வினோ படிக்கட்டும், இந்த மீன்சுருட்டியில் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

வினோவின் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. மாப்பிள்ளை மாணிக்கத்தின் மகன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ இந்த வீட்டு வாசலில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது. "அந்த ஒத்தக்கண்ணன் மண்டபத்துப் படிய மிதிச்சான்னா, மிச்சம் இருக்கற கண்ணையும் நோண்டிட்டுத்தான் தாலி கட்ட விடுவேன்" என்றாய். வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்திருந்தேன். மறுநாள் பாடாலூரிலிருந்து உன் மனைவி போன் போட்டு, "அத்தே, லாரி சீட்டுக்கு அடியில சாக்குல சுத்தி அருவா வச்சிருக்காரு" என்று அழுதாள். நீ ஆத்திரக்காரன், ஆனால் சொன்னதைச் செய்கிறவன். அதனால்தான் எனக்குப் பயம். மாணிக்கத்தின் ஒரு கண்ணை எடுத்தது உன் கை. எடுக்கச் சொன்னது என் வாய். இருபத்தைந்து வருஷமாக நீ உன் கையை நியாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நியாயம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் சோடா கம்பெனி உனக்கு மறந்திருக்காது. மெயின் ரோட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, நடுவில் கேஸ் மிஷின், சுவரோரம் பெட்டி பெட்டியாகப் பாட்டில். வாரத்துக்கு இரண்டு பாட்டிலாவது கேஸ் ஏறும்போது வெடிக்கும். என் இடது கையில் முழங்கைக்குக் கீழே இருக்கிற ஏழு தழும்பும் அந்தப் பாட்டில்கள் போட்டவை. உன் அப்பாவுக்குத் தாடையில் ஒன்று. வெடித்த பாட்டிலுக்கு யார் காரணம் என்று பார்ப்பதற்குள் அவர் கை யார் மேலாவது விழுந்துவிடும். சில நாள் என் மேல், பல நாள் மாணிக்கத்தின் மேல். மாணிக்கம் என் சித்தப்பா மகன். எனக்குத் தம்பி, உனக்குத் தாய்மாமன் முறை. விடிகாலையில் முந்திரித் தோப்புகளில் மருந்தடித்துவிட்டு, குளித்துவிட்டு நம்மிடம் வந்து பாட்டில் கழுவி, நிரப்பி, வண்டியில் கட்டி ஊர் ஊராகப் போட்டுவிட்டு வருவான். அடித்தால் வாங்கிக்கொள்வான். அதைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். கை நீட்டுவதை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று நான் வேறு எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

நம் பன்னீர் சோடா என்றால் ஜெயங்கொண்டம் வரை பேர். அந்தப் பேர் என் நாக்கு சம்பாதித்தது. இதை நான் இன்றைக்கும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். அளவு கிடையாது, தராசு கிடையாது. அண்டாத் தண்ணீரில் கொஞ்சம் சீனி, பன்னீர் எசன்ஸ், எலுமிச்சை உப்பு, அப்புறம் சாக்கரின். சீனி மட்டும் போட்டு இனிக்க வைத்தால் கட்டுப்படி ஆகாது என்று அந்த வெள்ளைத் துகளைப் போடுவோம். சின்னக் கரண்டியில் ஓர் அண்டாவுக்கு மூன்று. தண்ணீரைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, அரைக் கரண்டி கூடும், குறையும். நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் தலையாட்டினால்தான் பாட்டிலில் ஊற்றலாம். நான் தலையாட்டிய பிறகு வேறு யாரும் ருசி பார்க்கக் கூடாது. உன் அப்பாவே பார்க்க மாட்டார். அது நம் கொட்டகையின் சட்டம். சட்டத்தைப் போட்டவளும் நான்தான்.

அந்த வருஷம் தீமிதித் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னார். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சர்க்கரைக்காரியின் நாக்கை யார் நம்புவார்கள் என்று மறைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி, "வெறும் வயித்துல சிறுகுறிஞ்சான் எலைய மென்னு முழுங்குக்கா, மாத்திரையே வேணாம்" என்றாள். வேலியில் படர்ந்து கிடந்த கொடிதான். திருவிழா அன்று காலையில் முதல் முறையாக ஒரு கைப்பிடி பறித்து மென்றேன். கசப்பு தொண்டை வரை இறங்கியது. அந்த வாயோடு நேரே கொட்டகைக்குப் போய் அண்டாவின் முன் நின்றேன். மூன்று கரண்டி போட்டு ருசி பார்த்தேன், பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. புது டப்பா, சரக்கு மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டே போட்டேன். ஒன்பது வரை எண்ணினேன். அப்புறம் டப்பாவைக் கவிழ்த்தேன். கடைசியில் ஏதோ லேசாக இனித்த மாதிரி இருந்தது. கசப்பும் இருந்தது, அது இலையின் கசப்பு என்று நினைத்தேன். தலையாட்டிவிட்டேன்.

மாணிக்கம் பாட்டிலில் ஊற்றும்போது கையில் வழிந்ததை நக்கிவிட்டான். முகம் சுருங்கியது. "யக்கா, கோச்சிக்காத. கசக்குது" என்றான்.

கதிரேசா, நான் அவனை அறைந்தேன். வேலையாட்கள் எல்லோரும் பார்க்க, ஈரக் கையால் ஓங்கி அறைந்தேன். "காலங்காத்தால மருந்தடிச்சிட்டு வந்த வாயிடா அது. எந்நாக்குக்கு மேலயா ஒன் நாக்கு?" என்று கேட்டேன். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "சரிக்கா, ஒன் நாக்கே பெருசு" என்று சொல்லிவிட்டு மூடி போட ஆரம்பித்தான். அவன் தனியாக ஒரு சோடா மிஷின் போடப் போகிறான் என்று உன் அப்பாவுக்கும் அவனுக்கும் முந்தின நாள்தான் சண்டை நடந்திருந்தது. அதனால் நான் அடித்ததும் உன் அப்பாவுக்குச் சந்தோஷம். சிரித்தார்.

சாயங்காலம் கோயில் திடலில் நடந்தது உனக்கு உன் பக்கத்திலிருந்து தெரியும். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் கடைக்குப் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். நெருப்பு மிதித்துவிட்டு வந்தவர்கள் தாகத்தோடு வாங்கிக் குடித்தார்கள். முதலில் ஒரு பையன் துப்பினான். அடுத்து ஒரு பொம்பளை. "என்னாய்யா இது, வேப்பெண்ணெய் மாதிரி கசக்குது" என்று எவனோ கத்தினான். ஒருத்தி தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தாள். கொப்பளித்தவள் அலறினாள். "அய்யோ, தண்ணியும் இனிக்குதே! பச்சத் தண்ணி இனிக்குதே!" கூட்டம் மொத்தமும் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தது. எல்லோருக்கும் இனித்தது. அந்தப் பயத்திலேயே நாலு பேர் வாந்தி எடுத்தார்கள். "மருந்து! முந்திரிக்கு அடிக்கற மருந்தக் கலந்துட்டான்!" அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கல் வந்தது. பாட்டில் வந்தது. பெட்டிகள் சரிந்து, நிரப்பி வைத்த சோடாக்கள் ஒன்றோடொன்று மோதி வெடித்தன. தரையெல்லாம் கண்ணாடி. நெருப்பு மிதித்த காலோடு அதன் மேல் ஓடினார்கள். மாணிக்கத்தை முடியைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் போட்டார்கள். வேட்டி கிழிந்து போயிருந்தது. வாயில் ரத்தம். உன் அப்பா அவன் நெஞ்சில் மிதித்துக்கொண்டு, "என்னாத்தடா கலந்த? சொல்றா!" என்று கேட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் கையைக் காட்டிக் கூட்டத்தை நிறுத்தினார். அப்போது மாணிக்கம் ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"அக்காவக் கேளுங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அவன் என்னை மாட்டிவிடவில்லை. எனக்கு ஒரு வழி விட்டான். காலையில் நடந்ததை நானே சொல்வேன் என்று நம்பினான். எனக்குக் கரண்டிக் கணக்கு நினைவுக்கு வந்தது. காலி டப்பா நினைவுக்கு வந்தது. என் நாக்கு தப்பு பண்ணிவிட்டது என்று சொன்னால் போதும், கூட்டம் என்னைத் திட்டிவிட்டுக் கலைந்திருக்கும். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நான் சொன்னது இதுதான்: "நான் கலக்கயில நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அவங் கையிலதான் இருந்துச்சு."

நான் முடிக்கவில்லை, நீ பாய்ந்துவிட்டாய். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. உன் மனைவி வயிற்றில் வினோ மூன்று மாசம். உன் கையில் உடைந்த பன்னீர் சோடா பாட்டில். இடது கண்ணில் ஒரே குத்து. அவன் இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், விரல் இடுக்கில் வழிந்தது. அவன் பெண்டாட்டி இரண்டு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு மாப்பிள்ளை.

பாட்டிலைச் சோதித்ததில் விஷம் இல்லை என்று வந்தது. அதற்குள் கண் போய்விட்டது. விஷம் இல்லை என்று தெரிந்தும், வேறு ஏதோ கலந்தான், ஆளைப் பிடித்துத் தப்பித்துவிட்டான் என்று ஊர் பேசியது. நான் மறுக்கவில்லை. அவர்கள் பெரம்பலூர் பக்கம் போய்விட்டார்கள். கம்பெனியை மூடினோம். உன் அப்பா சாகும் வரை அவனைத் துரோகி என்றே சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். ருசி பார்த்துத் தலையாட்டிய அதே தலை. ஆனால் ஒன்று, கதிரேசா. கரண்டி கூடிப் போனது எனக்குத் தெரியுமே தவிர, ஏன் கூடியது என்று சத்தியமாகத் தெரியாது. எப்படி என் நாக்கு என்னைக் கைவிட்டது என்று நான் யோசிக்காத நாள் கிடையாது.

அதைச் சொல்ல உன் மகள் பிறந்து வர வேண்டியிருந்தது. கெமிஸ்ட்ரி படித்து, பெரம்பலூரில் ஜூஸும் கூல்டிரிங்க்ஸும் சோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறாள் என் பேத்தி. நம் வம்சத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பொம்பளை. பத்து நாளுக்கு முன்னால் கல்யாண லீவில் வந்தவள் என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அப்பத்தா, அவங்கப்பா அன்னிக்கி தண்ணி இனிச்சுதுன்னு சொல்றாரு. எந்தப் பூச்சி மருந்துக்கும் தண்ணி இனிக்காது. சாக்கரின் ரொம்ப ஜாஸ்தியானாத்தான் அப்புடி ஆவும். எத்தன கரண்டி போட்ட?" என்றாள். மூன்று என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. "அப்பவே ஒனக்குச் சுகர் இருந்துச்சுல்ல? மாத்திரை போட்டியா, வேற எதாச்சும் தின்னியா?" இலையைச் சொன்னேன். எழுந்து போனாள். வேலியில் பறித்துக்கொண்டு வந்து, "மெல்லு" என்றாள். மென்றேன். கொப்பளிக்கச் சொன்னாள். "கண்ண மூடு, வாயத் தொற." ஏதோ வைத்தாள்.

"என்னாடி இது, ஆத்து மணலா?"

"சீனி, அப்பத்தா."

கண்ணைத் திறந்து பார்த்தேன். சீனிதான். கை நிறைய அள்ளிப் போட்டுப் பார்த்தேன். பல்லில் நறநறவென்றதே தவிர இனிப்பு இல்லை. அவள் டீயில் போடுகிற இனிப்பு மாத்திரைக் குப்பியிலிருந்து சாக்கரின் துணுக்கு ஒன்றை வைத்தாள். இனிப்பே இல்லை, கசப்பு மட்டும்.

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். நாக்கில் இனிப்புக்கு ஒரு பூட்டு, கசப்புக்கு வேறு பூட்டுகள் இருக்கின்றனவாம். சீனி இனிப்புப் பூட்டை மட்டும் திறக்கும். சாக்கரின் கள்ளச் சாவி. சீனியைவிட நூறு மடங்குக்கும் மேலே இனிக்கும், ஆனால் கசப்புப் பூட்டிலும் போய் நுழையும். உடம்பில் கரைந்து பலம் எதுவும் கொடுக்காது, போன வழியே வெளியே போய்விடும். கொஞ்சமாகப் போட்டால் கசப்பு தெரியாது. அளவு மிஞ்சினால் அது இனிப்புப் பூட்டைத் தானே அடைத்துக்கொள்ளும், கசப்பு மட்டும் நிற்கும். வாய் கொப்பளித்தால் அடைப்பு விலகி, பூட்டு சட்டென்று திறக்கும். அதுதான் தண்ணீர் இனித்தது. சிறுகுறிஞ்சான் இலையும் அந்த இனிப்புப் பூட்டின் மேலேயே போய் உட்காருமாம், அரை மணியோ ஒரு மணியோ. "நீ அண்டா முன்னாடி நின்னப்ப ஒன் நாக்குல இனிப்பே கெடையாது அப்பத்தா. நீ டப்பாவ முழுங்கியிருந்தாலும் இனிச்சிருக்காது." இந்தச் சாமானை எவன் கண்டுபிடித்தான் என்று கேட்டேன். தாரிலிருந்து எடுத்த சரக்கைக் கிண்டிக்கொண்டிருந்த எவனோ, கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தானாம், ரொட்டி இனித்ததாம். "கை கழுவாத பய கண்டுபுடிச்சதையா ஊருக்கே ஊத்திக் குடுத்தேன்?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் அவள் கேட்டாள்: "யாரு சொல்றது? நீயா, நானா?"

நான் சொல்கிறேன் என்றேன். நீ வருவாய், வந்ததும் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். நீ வந்தாய். வாய் திறப்பதற்குள் உன் கை அவள் கன்னத்தில் விழுந்துவிட்டது. குறுக்கே வந்த நான் நிலையில் போய் விழுந்தேன். அன்றைக்கு நான் வளர்த்தது அப்படியே என் மேல் திரும்பி வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி, மாறி, பெரம்பலூருக்கு நானே போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். கூல்டிரிங்க்ஸ் பெட்டி ஒன்று குளிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளை ஒன்று பாட்டில் கேட்டது. திறந்து, மூடியில் ஒரு சொட்டு ஊற்றித் தான் குடித்துவிட்டு அப்புறம் கொடுத்தான். பிள்ளையின் அப்பன், "அண்ணே, நீயே பாதிய முடிச்சிருவ போல" என்று கேலி செய்தான். மாணிக்கம் சிரித்தான். எத்தனை வருஷமாக இப்படி மூடியில் ஊற்றிக் குடித்துக் காட்டுகிறானோ. என்னைப் பார்த்ததும், "வாக்கா. பஸ்ஸுல ஒக்கார எடம் கெடச்சுதா?" என்றான்.

"அன்னிக்கி நான் சொன்னது பொய்டா" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்காம இருந்த?"

"தொறந்தேனே. அக்காவக் கேளுங்கன்னேன். கேட்டாங்க. நீ சொன்ன."

குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டான். "ந்தா, எந்திரி. காலப் புடிச்சா கண்ணு மொளைக்குமா? கூட்டத்துல சொன்னதக் கூட்டத்துல சொல்லு. எங்கிட்ட வந்து ஒதுக்குப்புறமா சொல்லாத." உன் பேரை எடுத்தேன். அவன் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஒம் மவன் மேல கோவமில்லன்னு நெனச்சுக்காத. தெனம் மூஞ்சி கழுவயில இருக்கு. எம்புள்ளகிட்ட மட்டும் சொல்லல, யாரு குத்துனதுன்னு. அவனும் ஒரு பாட்டில எடுத்துக்கிட்டுப் பொறப்பட வேணாம்னுதான்."

கதிரேசா, இந்த இடத்தை இரண்டு தடவை படி. கண்ணைப் பறிகொடுத்தவன் தன் பிள்ளைக்கு என்ன கொடுத்தான், ஒன்றும் இழக்காத நாங்கள் உனக்கு என்ன கொடுத்தோம் என்று பார்.

உனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. சர்க்கரை இல்லாதது என்று கறுப்புக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றை எப்போதும் லாரியில் வைத்திருக்கிறாய். அதில் சாக்கரின் மாதிரி இரண்டு மூன்று கள்ளச் சாவியைக் கலந்து போடுகிறார்களாம், ஒன்றின் கசப்பை மற்றது மறைக்க. அவற்றில் ஒன்று வெக்கையில் நாள்பட்டால் உடைந்து, இனிப்பு செத்துவிடுமாம். அரியலூர் வெயிலில் சிமெண்ட் லோடு ஏற்றக் காத்துக் கிடக்கிற லாரிக்குள் அதை வைக்காதே என்று வினோ சொல்லச் சொன்னாள். நீ அறைந்த கன்னத்தோடு சொன்னாள். நான் சொல்ல வேண்டியது வேறு. ஆத்திரம் ஏறும்போது உனக்குத் தெரிகிற ருசி நிஜம் என்று நம்பாதே. எதை மென்றுவிட்டு வந்து நிற்கிறோம் என்று நமக்கே தெரிவதில்லை. பக்கத்தில் இருக்கிறவன் கசக்கிறது என்று சொன்னால், அடிக்காமல் ஒரு தடவை கேள். நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுப் போயிருப்போம். ஓர் அண்டா சோடாதான் வீணாகியிருக்கும்.

முகூர்த்தத்தன்று ஜெயங்கொண்டம் மண்டபத்தில், தாலி எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், மைக்கை வாங்கி நான் பேசப் போகிறேன். மீன்சுருட்டிக்காரர்கள் அத்தனை பேரையும் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டிருக்கிறேன். அன்று திடலில் நின்றவர்களில் உயிரோடு இருக்கிற எல்லோரையும். மைக்கில் முதன்முதலாகக் கேட்டு நீ தலைகுனிய வேண்டாம் என்றுதான் உனக்கு முன்கூட்டியே எழுதினேன். யார் குத்தியது என்று மைக்கில் நான் சொல்ல மாட்டேன்; ஊருக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத்தான் தெரியாது. அது நீ சொல்ல வேண்டியது. அந்தப் பையனிடம் நீயே சொல். வரும் வழியில் சீட்டுக்கு அடியில் இருப்பதை உன் மனைவியிடம் கொடுத்துவிட்டு, வெறும் கையோடு வா.

கொடுக்க முடியவில்லை என்றால் ஒன்று தெரிந்துகொள். மாணிக்கத்துக்கு இடது பக்கம் யார் வந்தாலும் தெரியாது. அதனால் மேடையில் நான் அவன் இடது பக்கம்தான் நிற்பேன். அந்தப் பக்கமாக வருகிறவனை முதலில் பார்ப்பது நானாகத்தான் இருக்கும்.

உன் அம்மா